அப்பாவின் ஜெர்மன் இரட்டைக்குழல்: யார் செய்தது, என்ன பெறும்?

கேள்வி: பெங்களூர் ஃபிரேசர் டவுனில் வசிக்கிறோம். என் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் அவர் வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி, பிறகு அப்பாவின் பெயருக்கு மாறியது. அப்பா மூன்று மாதங்களுக்கு முன் காலமானார். துப்பாக்கி, உரிமப் புத்தகம், ஒரு பெட்டி பழைய தோட்டாக்கள் எல்லாம் பீரோவில் இருக்கின்றன. குழலின் மேல் ஜெர்மன் மொழியில் 'க்ரூப் லௌஃப்ஷ்டால்' என்று பொறித்து, பக்கத்தில் மூன்று வளையங்கள் போட்டிருக்கிறது. இது பீரங்கி செய்த க்ரூப் கம்பெனியின் துப்பாக்கி, பல லட்சம் போகும் என்கிறார் சித்தப்பா. வீட்டுக்கு வந்து பார்த்த ஒரு வியாபாரி, பழைய இரும்பு விலைதான் கிடைக்கும் என்கிறார். இதற்கெல்லாம் உரிமமே வேண்டாம் என்று குடகு நண்பர் ஒருவர் சொல்கிறார். பழம்பொருள் என்பதால் வைத்துக்கொள்ளலாம் என்பது இன்னொருவர் யோசனை. அமெரிக்காவில் இருக்கும் தம்பி தனக்கு வேண்டும் என்கிறான். இதை யார் செய்தார்கள்? என்ன பெறும்? நாங்கள் என்ன செய்ய வேண்டும்? படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பாவை இழந்த துக்கத்தோடு இந்தச் சுமையும் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. நீங்கள் கேட்ட வரிசையை மாற்றி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது மட்டும்தான் நாளைக்குத் தள்ளிப்போட முடியாதது.

ஆயுத உரிமம் ஆளுக்குக் கொடுக்கப்படுவது. அப்பாவோடு அந்த உரிமம் முடிந்துவிட்டது. புத்தகத்தில் இன்னும் தேதி பாக்கி இருந்தாலும் அது உங்களுக்குப் பாதுகாப்பு ஆகாது. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 21-ம் பிரிவு, இப்படி வைத்திருக்கும் உரிமை முடிந்துபோன ஆயுதத்தைத் தாமதமில்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. ஒப்படைப்பதால் துப்பாக்கி கைவிட்டுப் போய்விடாது. வாரிசு என்ற முறையில் அதைத் திரும்பப் பெறவும், உரிமம் உள்ள ஒருவருக்கு விற்கவும் அதே பிரிவு வழி செய்கிறது. கெடு கடந்தும் யாரும் உரிமை கோராவிட்டால்தான் அது அரசுக்குப் போகும். உரிமமில்லாமல் வீட்டில் வைத்திருந்தால் சிறைத் தண்டனை வரை போகும் குற்றம். 'அப்பாவுடையதுதானே' என்ற பதில் அங்கே எடுபடாது.

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் கிளம்பிவிடாதீர்கள். முதலில் காகிதங்களோடு நீங்கள் மட்டும் காவல் நிலையத்துக்குப் போங்கள். இறப்புச் சான்றிதழ், உரிமப் புத்தகத்தின் நகல், நடந்ததைச் சொல்லும் ஒரு பக்கக் கடிதம் போதும். எந்த நாளில், எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆயுத வியாபாரியிடம் ஒப்படைக்க அனுமதித்தால் அதையே தேர்ந்தெடுங்கள். மாதக் கட்டணம் கேட்பார்கள். ஆனால் எண்ணெய் போட்டு, ஈரம் படாமல் வைப்பார்கள். காவல் நிலையக் கிடங்கில் சாக்கில் சுற்றி நிறுத்திவைத்த நல்ல துப்பாக்கி, இரண்டு மழைக்காலத்தில் துருவேறித் திரும்பி வருவது எங்கள் தொழிலில் அடிக்கடி பார்க்கும் துயரம். எங்கே கொடுத்தாலும் ரசீதில் துப்பாக்கியின் எண், போர் என்னும் குழல் அளவு, அப்போதைய நிலை மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய தோட்டாக்களையும் எண்ணி அதே ரசீதில் சேருங்கள். தோட்டா வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். குப்பையில் போடுவதோ அக்கம்பக்கத்தில் யாருக்காவது கொடுப்பதோ கூடவே கூடாது.

குடகு நண்பர் தன் ஊர் வழக்கத்தைச் சொல்கிறார். குடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஆயுதச் சட்டத்தில் விலக்கு உண்டு என்பது உண்மை. 2019-ல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. அது அவர்களுக்கான விலக்கு. பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

பழம்பொருள் வாதம் இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அது பாதி உண்மை. சட்டத்தின் 45-ம் பிரிவு பழங்கால ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்கும் ஆயுதத்துக்குத்தான் அது பொருந்தும். உங்கள் துப்பாக்கி படத்தில் தெரிகிற அளவில் இன்றைக்கே தோட்டா போட்டால் வெடிக்கக்கூடியது. எத்தனை வயதானாலும் அது துப்பாக்கிதான்.

இனி, யார் செய்தது.

சித்தப்பா சொல்வது இந்தியா முழுவதும் நம்பப்படுகிற ஒன்று. உரிமப் புத்தகங்களிலேயே தயாரிப்பாளர் என்ற கட்டத்தில் 'க்ரூப், ஜெர்மனி' என்று குமாஸ்தாக்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். எஸ்ஸன் நகரத்து க்ரூப் ஆலை பீரங்கி வார்த்தது, ரயில் சக்கரத்துக்கு இணைப்பில்லாத வளையம் செய்தது. நீங்கள் பார்த்த மூன்று வளையங்கள் அந்தச் சக்கர வளையங்கள்தான். 1875 முதல் அவர்களுடைய வணிகச் சின்னம். உங்கள் துப்பாக்கியில் அவர்களுடைய பங்கு குழலுக்கான உருக்கு மட்டுமே. குழல் உருக்கு என்பதுதான் அந்தப் பொறிப்பின் பொருளும். துணியின் கரையில் ஆலையின் பெயர் இருப்பதைப் போன்றது இது. சட்டையைத் தைத்தவர் வேறு. போலர், விட்டன், ரோஹ்லிங் என்று வேறு ஆலைகளின் உருக்குப் பெயர்களும் இப்படி, இரண்டு குழல்களையும் மேலே இணைக்கும் மேல்பட்டையில் வரும். பெல்ஜியத்தில் செய்த துப்பாக்கிகளிலும் க்ரூப் பெயரைக் காணலாம். ஆகவே அந்தப் பெயரை வைத்து ஜெர்மன் துப்பாக்கி என்றுகூட முடிவு செய்ய முடியாது.

முடிவு செய்ய உதவுவது அடிப்பக்கம். முன்கட்டையைக் கழற்றி, துப்பாக்கியை மடக்கி, குழல்களைத் தனியே எடுத்தால், தோட்டா அறைக்குக் கீழே இரண்டு தட்டையான பரப்புகள் தெரியும். கடைக்காரர் அழகுக்காக எழுதியது மேலே இருக்கும். அரசாங்கச் சோதனைச் சாலை அடித்த முத்திரை இங்கே இருக்கும். நல்லவேளையாக இந்த இடத்தை நீங்கள் தெளிவாகப் படம் எடுத்திருக்கிறீர்கள். தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டுதான் கழற்றினீர்கள் என்று நம்புகிறேன்.

அந்தப் படத்தில் முதலில் கண்ணில் படுவது கிரீடம். அதன் கீழே யு என்ற எழுத்து. வெடிச் சோதனைக்குப் பிறகு குழலைப் பரிசோதித்து நிறைவு என்று கண்டதற்கு அடையாளம் அது. பக்கத்தில் கிரீடத்தின் கீழ் எஸ். சிறுகுண்டுத் தோட்டாவுக்கான குழல். இடக்குழலில் மட்டும் கிரீடத்தின் கீழ் டபிள்யூ. அந்தக் குழலின் வாய் குறுக்கப்பட்டிருக்கிறது, அதாவது சோக் உண்டு. முதல் வெடி அருகில் இருப்பதற்கு, இரண்டாவது வெடி தூரம் போய்விட்டதற்கு என்று அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் விரும்பிய அமைப்பு. இதே இடத்தில் கிரீடமும் ஜி எழுத்தும் இருந்திருந்தால் உள்ளே முறுக்குத் தடம் வெட்டிய ரைஃபிள் குழல் என்று பொருள். அப்போது உரிமத்தின் வகையே மாறிவிடும். உங்களுடையதில் அது இல்லை.

இந்தக் கிரீட முத்திரைகள் 1891-ல் இயற்றப்பட்டு 1893-ல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் சோதனைச் சட்டத்தைச் சேர்ந்தவை. 1940 ஏப்ரலிலிருந்து கிரீடம் போய், கழுகும் 'என்' (N) என்ற ஆங்கில எழுத்தும் வந்துவிட்டன. ஆக, இந்த இரண்டுக்கும் நடுவில் செய்த துப்பாக்கி. 'நைட்ரோ' என்ற சொல்லும் அடிக்கப்பட்டிருப்பதால் புகையில்லா வெடிமருந்துக்கும் சோதிக்கப்பட்டது. அந்த முத்திரை 1911-12 வாக்கில்தான் தொடங்குகிறது. இவ்வளவு தூரம் ஊகித்து வர வேண்டிய அவசியமே இல்லாதபடி, குழல்களின் அடியிலுள்ள கொக்கிக்குப் பக்கத்தில் 9, 27 என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. 1927 செப்டம்பர். துரிங்கியா மாநிலத்து சூல் நகரமும், பக்கத்து ஊரான செல்லா மேலிஸும் மாதம், ஆண்டு என்று இப்படித் தேதி அடித்தன. ஒரு துப்பாக்கியின் பிறந்த மாதம் இவ்வளவு துல்லியமாகக் கிடைப்பது, ஆங்கிலேயத் துப்பாக்கிகளைப் பார்த்துப் பழகிய எங்களுக்குப் பெரிய கொடை.

வட்டத்துக்குள் 12 என்பது தோட்டா அறையின் அளவு, பன்னிரண்டு போர். அதற்குக் கீழே 13/1 என்று இருப்பதைப் பார்த்து, துப்பாக்கி பதின்மூன்று போர் என்று சிலர் பயப்படுவார்கள். அது குழலின் உள்விட்டம். பன்னிரண்டு போரின் இலக்கண அளவு 18.5 மில்லிமீட்டர். 13/1 அதைவிடச் சற்று இறுக்கமானது, 18 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டியது. ஜெர்மன் குழல்களில் இது சாதாரணம். பின்னால் இந்தச் சிறிய பின்னம் எவ்வளவு வேலைக்கு ஆகிறது என்று சொல்கிறேன்.

இப்போது சூல் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது. 1751-ல் தொடங்கிய சாவர், 1898-ல் வந்த மெர்க்கல் சகோதரர்கள், ஹேனல், சிம்சன், க்ரீகாஃப் என்று பெரிய பெயர்கள் அந்த ஊரில் இருந்தன. அவர்களைச் சுற்றி நூற்றுக்கணக்கான கைவினைஞர்கள் சிறு பட்டறைகளில் வேலை செய்தார்கள். குழல் ஒருவர், பூட்டு ஒருவர், கட்டை ஒருவர், செதுக்கு வேலை ஒருவர். முடிந்த துப்பாக்கியைப் பெயர் போடாமலே வணிகர்களுக்கு அனுப்பினார்கள். வாங்கிய கடைக்காரர் பெர்லினில் இருந்தால் பெர்லின் பெயர், கல்கத்தாவில் இருந்தால் கல்கத்தா பெயர். எந்தப் பெயரும் இல்லாமலும் விற்றது. உங்களுடையது அப்படிப்பட்ட ஒன்று. சாவருடையதாக இருந்தால் கதாயுதம் ஏந்திய காட்டு மனிதன் சின்னம் பெரும்பாலும் இருக்கும். மெர்க்கல் தன் பெயரை வெளிப்படையாகவே போடும். இரண்டும் உங்கள் படங்களில் இல்லை. அடிப்பரப்பில் மங்கலாகத் தெரியும் இரண்டு சிறிய எழுத்துகள் குழல் செய்த கைவினைஞருடைய முதலெழுத்துகளாக இருக்கக்கூடும்.

பெயர் இல்லை என்பதால் தரம் குறைந்தது என்று எண்ண வேண்டாம். ஆக்‌ஷனை, அதாவது குழலைப் பூட்டி வெடிக்கவைக்கும் இயக்க அமைப்பைப் பாருங்கள். 1875-ல் பர்மிங்காமில் பிறந்த ஆன்சன், டீலி அமைப்பு. சுத்தியல்கள் வெளியில் தெரியாமல் உள்ளே இருக்கும். குழல்களின் பின்முனையில் மேல்பட்டை நாக்கு மாதிரி நீண்டு, அதிலுள்ள துளைக்குள் குறுக்கே ஓர் உருக்குத் தண்டு நுழைகிறது. அது க்ரீனரின் குறுக்குத் தாழ். ஆங்கிலேயர் கண்டுபிடித்ததை ஆங்கிலேயரைவிட அதிகமாக நேசித்தவர்கள் ஜெர்மானியர்கள். கட்டையில் கன்னம் வைக்கும் மேடு, தோள்வார் மாட்ட வளையங்கள், விசைக்காப்பு எருமைக் கொம்பில். இவை எல்லாம் அந்த வட்டாரத்துக் கைவேலை. மேலே இருக்கும் பாதுகாப்புத் தள்ளுகட்டையில் எஸ் எழுத்து தெரிந்தால் விசை பூட்டியிருக்கிறது என்று பொருள். அதை நம்பி மட்டும் யாரும் துப்பாக்கியைக் கையாளக் கூடாது. அந்தப் பூட்டு விசையைத்தான் பிடிக்கிறது. உள்ளே இருக்கும் சுத்தியலைப் பிடிப்பதில்லை.

குழல், உடம்பு, முன்கட்டையின் இரும்பு என்று மூன்று இடத்திலும் ஒரே எண் இருக்கிறது. இது மிக நல்ல செய்தி. மூன்றும் ஒன்றாகப் பிறந்தவை, குழல் மாற்றப்படவில்லை. அப்பாவின் உரிமப் புத்தகத்திலும் அதே எண் இருக்கிறதா என்று இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். 'க்ரூப்' என்று தயாரிப்பாளர் பெயர் தவறாக இருந்தால் கவலை வேண்டாம். எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தால்கூட அதை ஒப்படைக்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். பிறகு அதுவே பெரிய தலைவலியாக வளரும்.

விலைக்குப் போவதற்கு முன் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். யாரும், எந்தக் காரணத்துக்காகவும், இதில் ஒரு வெடி வெடித்துப் பார்க்கக் கூடாது. உங்கள் வீட்டுக்கு வரும் அடுத்த ஆள் 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்பார். விடாதீர்கள்.

காரணம் தோட்டா அறையின் நீளம். இன்று கடையில் கிடைக்கும் பன்னிரண்டு போர் தோட்டாக்கள் பெரும்பாலும் 70 மில்லிமீட்டர். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஜெர்மன் துப்பாக்கிகளின் வழக்கமான அறை 65. உங்களுடையதில் நீளம் அடிக்கப்படவில்லை. 1927-ம் ஆண்டுத் துப்பாக்கியில் அது இல்லை என்றால், அளந்து பார்க்கும்வரை 65 என்றே கொள்ள வேண்டும். 70 தோட்டா உள்ளே போகாதே என்று நினைப்பீர்கள். போகும். எந்தத் தடையும் இல்லாமல் போகும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். ஏனென்றால் அந்த 70 என்பது வெடித்து, மடிந்த வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். வெடிப்பதற்கு முன் அது குட்டையாக இருக்கும். வெடிக்கும் கணத்தில் வாய் விரிய இடமில்லாமல், அறை முடிந்து குழல் குறுகும் கழுத்துக்குள் போய் நெருக்கும். குண்டும் அடைப்பும் அந்த நெருக்கலுக்குள் பிதுங்கித்தான் வெளியேற வேண்டும். அழுத்தம் ஏறுகிறது. ஒருமுறை, பத்துமுறை தாங்கலாம். தாங்காத முறை எது என்று முன்கூட்டித் தெரியாது. குழலுக்கு அடியில் இருப்பது சுடுபவரின் இடக்கை.

அறையைக் கடைந்து 70-க்கு நீட்டித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறைகளும் உண்டு. குழலின் சுவர் எங்கே தடித்திருக்க வேண்டுமோ அங்கே உலோகத்தை எடுப்பது அந்த வேலை. 1927-ல் சோதித்த குழல் அதற்குப் பிறகு அதே குழல் இல்லை. இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

இனி விலை. படத்தை வைத்து ரூபாய்க் கணக்கு சொல்வது என் வழக்கமில்லை. நேரில் ஒரு மதிப்பீட்டாளர் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். அவர் இவற்றைச் செய்யாமல் எண் சொன்னால் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

குழல்களை மட்டும் தனியே எடுத்து, கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, கணுவால் ஒரு தட்டு தட்டுவார். கணீரென்று நீண்டு ஒலிக்க வேண்டும். சத்தம் மொத்தென்று அடங்கினால் இரண்டு குழலையும் இணைக்கும் ஈயப்பற்று எங்கோ விட்டிருக்கிறது. அடுத்து, முன்கட்டை இல்லாமல் துப்பாக்கியைப் பூட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குழலின் பின்முனைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒளிக்கீற்று தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. குழலுக்குள் கண்ணை வைத்துச் சுழற்றினால் வெளிச்ச வளையங்கள் வட்டமாக ஓட வேண்டும். ஓரிடத்தில் வளையம் நெளிந்தால் அங்கே நசுக்கல். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் துருக்குழிகள். பழைய காலத்துத் தோட்டாக்களின் கேப்பில் இருந்த உப்பு, சுட்ட அன்றே துடைக்காத குழலை அரித்ததன் தடம்.

பிறகுதான் அந்த 13/1. பின்முனையிலிருந்து ஒன்பது அங்குலம் உள்ளே விட்டத்தை அளக்க வேண்டும். அடித்திருக்கும் அளவும் இன்றைய அளவும் ஒத்திருந்தால் குழல் கன்னியாகவே இருக்கிறது. விட்டம் பெருத்திருந்தால், துருக்குழியை மறைக்க யாரோ உள்ளே தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள், சுவர் மெலிந்திருக்கிறது. கண்ணாடி போல மின்னும் குழலைக் காட்டி அதிக விலை கேட்பவர்களிடம் இந்த ஓர் அளவு உண்மையைச் சொல்லிவிடும். சூல் தொழிலாளி அந்தப் பின்னத்தை அடித்துவைத்தது இதற்காகவே என்று எனக்குத் தோன்றும்.

இவை சரியாக இருந்தால் துப்பாக்கி எந்த வரிசையில் நிற்கும்? லண்டனின் பெரிய பெயர்கள் உச்சியில் இருக்கின்றன. அவற்றின் அருகில் இது வராது. மெர்க்கல், சாவர் போன்றவர்களின் பக்கப்பூட்டுத் துப்பாக்கிகள் (சுத்தியல் அமைப்பு பக்கத்தட்டில் பொருத்தியவை) அடுத்தது. அதற்கும் கீழேதான் இது. ஆனால் நம் நாட்டில் செய்யும் புதிய இரட்டைக்குழலுக்கு மேலே நிற்கும் தகுதி இதற்கு உண்டு. 1980-களின் நடுவிலிருந்து தனியார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனதால், நல்ல நிலையிலுள்ள வெளிநாட்டுத் துப்பாக்கிக்கு இங்கே அதன் சொந்த நாட்டைவிட மதிப்புக் கூடியது. ஐரோப்பாவில் விரும்பப்படும் பதினாறு போருக்கு இங்கே தோட்டா தேடி அலைய வேண்டும். உங்களுடையது பன்னிரண்டு என்பதும் சாதகம்.

மறுபக்கமும் இருக்கிறது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்காக வாங்குபவர் இல்லை. 2019 திருத்தம் ஓர் ஆளுக்கு இரண்டு ஆயுதம் என்று வரம்பு வைத்ததும், மூன்றாவதை வைத்திருந்தவர்கள் விற்க வந்தார்கள். வாங்குபவரிடம் உரிமமும் அதில் காலி இடமும் இருக்க வேண்டும். ஆகவே சித்தப்பா சொல்லும் பல லட்சத்தை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். அந்த வியாபாரி சொன்ன பழைய இரும்பு விலைக்கும் கொடுத்துவிட வேண்டாம். மூன்று எண்ணும் பொருந்தும் 1927 சூல் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அப்படி ஒரு விலை சொல்பவர், வீட்டில் காகிதம் சரியில்லை என்ற உங்கள் பயத்தைத்தான் விலை பேசுகிறார். முறையாக ஒப்படைத்த ரசீது உங்கள் கையில் இருக்கும்போது அந்தப் பேரம் நடக்காது. இரண்டு இடங்களில் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள்.

அதுவரை துப்பாக்கியை அழகுபடுத்த நினைக்காதீர்கள். மெல்லிய எண்ணெய் தடவிய துணியால் ஒருமுறை துடைப்பது போதும். பித்தளை மெருகுப் பசை போட்டால் செதுக்கு வேலை மழுங்கும். கட்டைக்கு வார்னிஷ் பூசினால் அந்த வால்நட் மரத்தின் மெருகு போகும். எல்லாவற்றையும்விட மோசம், குழலுக்குப் புதிதாகக் கறுப்பு ஏற்றுவது. கொதிக்கும் கார உப்பில் முக்கி எடுக்கும் முறைதான் விரைவானது, மலிவானது. அந்த உப்பு இரட்டைக்குழலின் ஈயப்பற்றைத் தின்னும். நடுப்பட்டைக்குள் புகுந்துகொண்டு, வெளியே புத்தம் புதிதாகத் தெரியும் குழலை உள்ளிருந்தே அரிக்கும். பழைய குழலுக்கு ஏற்றது மெதுவாகத் துருவேற்றித் துடைக்கும் முறை மட்டும்தான். உங்கள் குழலில் மங்கியிருக்கும் அந்தப் பழைய கறுப்பை வாங்குபவர்கள் மதிப்பார்கள். வெறுமனே விசையை இழுத்து 'டிக்' சத்தம் கேட்பதையும் குழந்தைகளோ பெரியவர்களோ செய்ய வேண்டாம். தோட்டாவைத் தட்டும், தொண்ணூறு வயது தாண்டிய ஊசி முறிந்தால் அதைக் கையால்தான் கடைந்து செய்ய வேண்டும்.

வைத்துக்கொள்ள விரும்பினால் வழி இருக்கிறது. 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகள், உரிமதாரர் இறந்தபின் சட்டப்பூர்வ வாரிசுக்குக் குடும்ப ஆயுதம் என்ற முறையில் உரிமம் வழங்க இடம் தருகின்றன. பெங்களூர் நகரத்துக்கு உரிமம் தரும் அதிகாரி போலீஸ் கமிஷனர். இன்ஃபான்ட்ரி ரோட்டில் அலுவலகம். ஏ-1 படிவத்தோடு வாரிசுச் சான்றிதழ், ஒப்படைத்த ரசீது, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி முடித்த சான்று ஆகியவை வேண்டும். மற்ற வாரிசுகளிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். அமெரிக்கத் தம்பியின் கையெழுத்தும் அதில் வரும் என்பதால் அவரிடம் இப்போதே மனம்விட்டுப் பேசிவிடுங்கள். தாத்தா உழைத்து வாங்கிய பொருள் என்ற பிடிப்பு உங்கள் கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது. சுடுவதற்கு இல்லாவிட்டாலும் அதற்காகவே உரிமம் எடுத்தவர்கள் பலர். எனக்கு அது தவறாகத் தோன்றவில்லை.

தம்பிக்கு அனுப்புவது மட்டும் எளிதல்ல. இந்தியாவிலிருந்து ஆயுதம் வெளியே போக ஏற்றுமதி உரிமம் வேண்டும். நூறு ஆண்டு நிறைந்த பொருள்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதை 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. உங்கள் துப்பாக்கிக்கு 2027 செப்டம்பரில் அந்த வயது வருகிறது. அவர் விரும்பினாலும் இது இந்தியாவிலேயே இருப்பதற்கான ஏற்பாட்டைச் செய்வதுதான் நடைமுறை.

விற்பது என்று முடிவானால், உரிமம் உள்ள தனிநபருக்கு நேரடியாக விற்கும்போது அவருடைய பெயர், முகவரியோடு அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வியாபாரி வழியாகக் கொடுத்தால் காகித வேலையை அவரே பார்த்துக்கொள்வார். கமிஷன் எவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்கும் இடத்தில் ஓர் உதவி கேளுங்கள். இடக்குழலின் அடியில் அந்த இரண்டு சிறிய எழுத்துகள் மேல் வெள்ளைச் சாக்கட்டியைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, பக்கவாட்டில் விளக்கை வைத்து ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதை எனக்கு அனுப்புங்கள். சூல் குழல் வேலைக்காரர்கள் பலருடைய முதலெழுத்துகள் பதிவாகியிருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.